திரைவீரர் பாவையும் ஒப்புமை ஆராய்ச்சியும்

எம்மூரின் பெயரே ஓர் உவமை. நகரை ஒட்டி ஓங்கி நிற்கும் பாறைமலை, சமவெளியில் நின்று நோக்குவார்க்குச் சாய்ந்து கொள்ளற்கு இட்டதொரு திண்டு போலத் தோன்றலின், திண்டுக்கல் எனப் பெயர் பெற்றதென்பர். அக்கல்லுக்கும் திண்டுக்கும் ஒப்புமை வடிவில் மட்டுமே உண்டு. மென்மையில் ஒப்புமை இல்லை. அதன்மேல் தலைவைத்துக் கண்ணயர்ந்தாரும் இலர். எனினும் அப்பெயர் பொய்யென்று வழக்குரைப்பார் எவருமிலர். ஒரு பொருள் மற்றொன்றை ஒத்ததென்று கூறுங்கால், எவ்வகையில் ஒத்தது என்னும் வினாவும் உடன் எழுகின்றது. இவ்வினாவைப் பழந்தமிழ் நூல்களைக் கொண்டு ஆராய்தல் எம் வகுப்பறைத் தொழில். இக்கட்டுரையிலோ, அதனைப் பாவைகளைக் கொண்டு ஆராயப் புகுந்தோம்.

பாவைகளெனின், நவராத்திரிக் கொலுவில் நிரல்படும் மண்பொம்மைகளையோ, கிறிஸ்துமஸ் குடிலில் அமையும் சுரூபங்களையோ அன்பர்கள் எண்ணக்கூடும். யாம் கருதியவை அவையல்ல. சூப்பர் ஹீரோ என இன்று உலகம் வழங்கும் அதிவீரர்களை, அவர்கள் சினிமாப் படங்களில் தோன்றிய கோலத்திலேயே, பிளாஸ்டிக்கினாற் சிறிதாகச் செய்து விற்கும் பாவைகளையே கருதினோம். ஆக்ஷன் ஃபிகர் என்பது அவற்றின் வணிகப் பெயர். கழுத்து, தோள், முழங்கை, இடை, முழங்கால் முதலிய இடங்களில் மூட்டுக்கள் அமைந்து, வேண்டியவாறு வளைத்து நிறுத்தத்தக்கவை ஆதலின், ஈண்டு அவற்றை மூட்டுப்பாவை என்போம்.

இவற்றைத் தொகுப்பாரிடையே ஓயாது நிகழும் வழக்கொன்று உண்டு. 'இப்பாவை திரையில் உள்ளபடி இருக்கின்றதா?' என்பதே அது. விடுதி அறைகளில் இரவு நெடுநேரம் இவ்வழக்கு நடக்கக் கேட்டிருக்கின்றோம், யாமும் வழக்காடியிருக்கின்றோம். ஒருவர் முகத்தைப் பற்றிப் பேச, மற்றொருவர் நிறத்தைச் சொல்லி மறுக்க, மூன்றாமவர் விலையைச் சொல்லி இருவரையும் அடக்க, முடிவு காணாமலே விளக்கணைப்பது வழக்கமாயிற்று. முடிவு காணாமைக்குக் காரணம் அளவுகோல் இன்மையே. அவ்வளவுகோல் நம் இலக்கணத்திலேயே உளது என்று காட்டுதல் எம் நோக்கம்.

பாவைகளின் வரலாறு

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாஸ்புரோ கம்பெனியார் ஜி. ஐ. ஜோ என்னும் போர்வீரன் பாவையை வெளியிட்டனர். அஃது ஏறக்குறைய 12 அங்குல உயரமுடையது. பொம்மை என்றாற் சிறுவர் தீண்டார் என்றஞ்சிய வணிகர், அதற்கு ஆக்ஷன் ஃபிகர் எனப் புதுப்பெயர் சூட்டினர். பெயர் மாறிற்று, பொருள் பொம்மையே. 1972-ஆம் ஆண்டு முதல் மீகோ கம்பெனியார் சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் முதலிய சித்திரக்கதை வீரர்களை 8 அங்குலப் பாவைகளாக்கி, துணியாடை உடுத்தி விற்றனர்.

1977-இல் ஸ்டார் வார்ஸ் என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதற்குரிய பாவைகளை அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குள் செய்து முடிக்க இயலாத கென்னர் கம்பெனியார், பாவைகளைப் பின்னர் அஞ்சலில் அனுப்புவோம் என்னும் உறுதிச்சீட்டை உள்ளே வைத்து, அட்டையுறையை மட்டும் விற்றனர். வெற்றுறையையும் மக்கள் வாங்கினர். அடுத்த ஆண்டு வந்துசேர்ந்த அப்பாவைகள் 3¾ அங்குலமே. அவற்றின் வெற்றிக்குப்பின், திரைப்படம் ஒன்று வருகின்றதெனின் அதன் பாவைகளும் உடன்வருதல் உலகியலாயிற்று.

பின்னர் 2002-இல் டாய் பிஸ் கம்பெனியார் மார்வெல் லெஜண்ட்ஸ் என்னும் 6 அங்குல வரிசையைத் தொடங்கினர். 2007 முதல் அது ஹாஸ்புரோவின் கையில் வளர்ந்தது. 2000-இல் ஹாங்காங்கில் தோன்றிய ஹாட் டாய்ஸ் கம்பெனியார், ஏறக்குறைய 12 அங்குல உயரத்தில், தைத்த ஆடையும் உயிர்ப்புள்ள முகமும் கொண்ட உயர்விலைப் பாவைகளைச் செய்கின்றனர். 2008-இல் ஜப்பானியப் பண்டாய் கம்பெனியார் எஸ். எச். ஃபிகுவார்ட்ஸ் வரிசையையும், 2020-இல் மெக்ஃபார்லேன் கம்பெனியார் பேட்மேன் முதலியோரின் 7 அங்குல வரிசையையும் வெளியிடத் தொடங்கினர்.

நம் நாடும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. எம். ஆர். எஃப். கம்பெனியாரும் ஹாஸ்புரோ கம்பெனியாரும் கூடி 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அந்நிறுவனத்தார் ஹாஸ்புரோவின் அச்சுக்களைக் கொண்டே ஜி. ஐ. ஜோ பாவைகளை இந்தியாவில் வார்த்தனர். ஆயின் அவற்றின் நிறங்கள் அமெரிக்கப் பாவைகளின் நிறங்களினின்றும் பலவிடத்து வேறுபட்டன. அவ்வேறுபாடு பற்றியே அயல்நாட்டுத் தொகுப்பாளர் அவற்றைத் தேடி வாங்கலாயினர். மெய் ஒன்றாயிருப்ப, உரு வேறாயதற்கு இஃது எம் நாட்டு எடுத்துக்காட்டு. மெய், உரு என்றது யாதென இனி விளக்குவோம்.

ஒப்புமையின் நால்வகை

தொல்காப்பியர் பொருளதிகாரத்து உவமவியலில், உவமை தோன்றுதற்கு அடிப்படை நான்கென வகுத்தனர். வடிவு பற்றி வருவது மெய். நிறம் பற்றி வருவது உரு. தொழில் பற்றி வருவது வினை. விளைவு பற்றி வருவது பயன். உடுக்கை போன்ற இடை என்புழி வடிவும், பவளம் போன்ற வாய் என்புழி நிறமும், புலி போலப் பாய்ந்தான் என்புழித் தொழிலும், மாரி போல வழங்கினான் என்புழி விளைவும் ஒத்தன. மாரி போல வழங்கினான் எனக் கேட்டு, அவ்வள்ளல் நனைந்திருந்தானோ என்று வினவுவார் இலர். ஒன்றில் ஒத்தது மற்றொன்றில் ஒவ்வாமை குற்றமன்று. எதனில் ஒத்தது என்று தெளியாமையே குற்றம்.

அன்றியும், உவமையாக எடுத்துக் கூறப்படுவது உயர்ந்ததாதல் வேண்டும் என்பதும் அவ்வியலின் கொள்கை. பாவை திரைவீரனைப் போன்றது என்கின்றோமேயன்றி, திரைவீரன் பாவையைப் போன்றவன் என்கின்றோமில்லை. ஆதலின் திரையே அளவு, பாவை அளக்கப்படுவது.

எது அளவு?

திரை என்று பொதுப்படக் கூறின் போதாது. எந்தத் திரைப்படம், எந்த உடை, எந்தக் காட்சி என்பதை முதற்கண் துணிதல் வேண்டும். வுல்வரின் என்னும் வீரன் சித்திரக்கதையில் 5 அடி 3 அங்குல உயரமே உடையவன். 2000-இல் வந்த எக்ஸ்-மென் திரைப்படத்தில் அவனாக நடித்த ஹியூ ஜாக்மன் 6 அடிக்கு மேற்பட்டவர். குட்டையாகச் செய்த வுல்வரின் பாவை கதைக்கு மெய்யாம், திரைக்குப் பொய்யாம்.

1992-இல் வெளிவந்த பேட்மேன் ரிட்டர்ன்ஸ் திரைப்படத்தில், பெங்குவின் என்னும் பகைவனாக டேனி டிவிட்டோ அச்சந்தரும் தோற்றத்தோடு நடித்தார். அப்படத்தின் பெயரால் கென்னர் கம்பெனியார் விற்ற பெங்குவின் பாவையோ, முன்னர்ச் சூப்பர் பவர்ஸ் வரிசைக்காகச் சித்திரக்கதையைத் தழுவிச் செய்த பழைய அச்சிலேயே வார்த்து, வேறு வண்ணம் தீட்டப்பெற்றது. அட்டையின்மேல் திரைப்படத்தின் பெயர். உள்ளே சித்திரக்கதையின் உருவம். அட்டையைப் படித்து ஒப்புமை கூறுவார் இத்தகைய இடங்களில் ஏமாறுவர்.

மற்றொரு சிக்கலும் உளது. இக்காலத்துத் திரையுடைகள் யாவும் துணியினால் ஆயவை அல்ல. 2019-இல் வந்த அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் திரைப்படத்தில் வீரர்கள் காலத்தைக் கடந்து செல்லுங்கால் அணியும் வெண்ணிறமும் செந்நிறமும் கலந்த உடையை, நடித்தபோது எவரும் உடுத்தவில்லை. அது முழுவதும் கணினியால் பின்னர் வரைந்து சேர்க்கப்பட்டது. அவ்வுடையை அருங்காட்சியகத்திற் கண்டு ஒப்பிடுவோம் எனின் இயலாது. திரையன்றி அதற்கு வேறு மூலமில்லை.

மெய்

இனி நால்வகையையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம். மெய் என்பது வடிவு. வடிவினை ஆராய்வார் முதலில் அளவை நோக்குக. 6 அடி மனிதன் 6 அங்குலமாகச் சிறுத்தால் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. 12 அங்குலமாகச் சிறுத்தால் ஆறில் ஒரு பங்கு. இவ்விகிதம் தெரிந்தால், ஒரே வரிசையிலுள்ள இரு பாவைகளை அருகருகே நிறுத்தி, திரையில் ஒருவர் தோளுக்கு மற்றொருவர் தலை எட்டியவாறே இவற்றிலும் எட்டுகின்றதா என அறியலாம். தலை பெருத்தும் உடல் சிறுத்தும் இருத்தல் பாவைகளிற் பெருவழக்கான பிழை.

அடுத்து முகம். பன்னிரண்டில் ஒரு பங்காகிய முகத்தில் கண்மணி ஒரு மயிரிழை விலகினும் வீரன் மாறுகண்ணன் ஆகிவிடுவான். முன்னெல்லாம் கண்ணும் புருவமும் வண்ணமுத்திரையால் ஒற்றப்பட்டன. அண்மை ஆண்டுகளில், நடிகரின் முகச்சாயலை நுண்புள்ளிகளாகப் பாவையின் முகத்தில் அச்சிடும் முறை வந்தபின், சிறு பாவைகளிலும் சாயல் தெளிவுற்றது. எனினும் அச்சு சிறிதே நழுவினால், செதுக்கிய கண்குழி ஓரிடத்தும் அச்சிட்ட கண் மற்றோரிடத்தும் அமையும். ஆதலின் ஒரே பாவை பல இருக்கும் கடையில், முகத்தை ஒவ்வொன்றாக நோக்கி எடுத்தல் நன்று.

ஒப்பிடுமுறையிலும் எச்சரிக்கை வேண்டும். கைபேசியைப் பாவையின் முகத்தருகே கொண்டுசென்று படமெடுத்தால் மூக்குப் பருத்தும் காது சிறுத்தும் தோன்றும். அது பாவையின் பிழையன்று; அண்மையின் பிழை. சற்று விலகி நின்று, உருப்பெருக்கி எடுத்த படத்தையே திரைக்காட்சியோடு ஒப்பிடுதல் முறை.

உரு

உரு என்பது நிறம். நிறம் பற்றிய வழக்கே தொகுப்பாரிடைப் பெரிது. கென்னர் கம்பெனியாரின் முதற் பாவைகளில் லூக் என்னும் இளைஞனுக்குக் கொடுத்த ஒளிவாள் மஞ்சள்; திரையில் அது நீலம். இது கண்டவுடன் தெரியும் பிழை. தெரியாத பிழைகளே நம்மை அலைக்கழிப்பவை. 2013-இல் வெளிவந்த மேன் ஆஃப் ஸ்டீல் திரைப்படத்திற் சூப்பர்மேனின் உடை மங்கிய நீலமாகத் தோன்றுகின்றது. அவ்வுடையே படப்பிடிப்பு நிழற்படங்களில் அதனினும் ஒளிமிக்க நீலமாகத் தோன்றும். படம் முழுமைக்கும் நிறத்தைக் குறைத்துப் பதம் செய்தமையே வேறுபாட்டிற்குக் காரணம். பாவையின் நீலம் உடையை ஒத்திருந்து திரையை ஒவ்வாவிடின், அது பிழையா சரியா? திரையே அளவென முன்னர்த் துணிந்தமையால், பிழை என்றே கூறுதல் வேண்டும். ஆயினும் ஒரே காட்சியைக் கொண்டு தீர்ப்பிடலாகாது. பகல், இரவு, விளக்கொளி என மூன்று காட்சிகளேனும் எடுத்து, பாவையைப் பகலின் நிழலிடத்தில் வைத்து நோக்குதல் எம் வழக்கம்.

மெய்யும் உருவும் ஒருங்கே பிழைத்த பாவையொன்றின் வரலாறு கேட்கத்தக்கது. 1978-இல் அமெரிக்காவின் சியர்ஸ் அங்காடிக்கெனக் கென்னர் கம்பெனியார் செய்த தொகுதியில் ஸ்னேகில்டூத் என்னும் வேற்றுலகவாசி இருந்தான். பாவை செய்தார்க்குக் கிடைத்தது, அவனுடைய மேற்பாதி மட்டும் தெரியும் கறுப்புவெள்ளை நிழற்படமே. அவர்கள் அவனை நெடியவனாகவும் நீலவாடையனாகவும் செய்துவிட்டனர். திரையில் அவன் குள்ளன், ஆடை சிவப்பு. பின்னர்ப் பிழை திருத்தப்பட்டுக் குறிய செந்நிறப் பாவை வந்தது. இன்று தொகுப்பார் பெருவிலை கொடுப்பது பிழைபட்ட நீலப் பாவைக்கே. ஒப்புமையும் விலையும் ஒரே வழியிற் செல்வன அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வினை

வினை என்பது தொழில். சுவரிற் பல்லி போலப் பதுங்கியும் வானில் வளைந்தும் செல்பவன் ஸ்பைடர்மேன். அவன் பாவை குந்தியிருக்க இயலாதாயின், முகமும் நிறமும் முற்றும் பொருந்தியும் பயனில்லை. சூப்பர்மேனோ பறக்குங்கால் உடலை நேர்நிறுத்திச் செல்பவன். அவனுக்கு வேண்டுவது தலை நிமிர்ந்து மேல்நோக்கும் கழுத்து மூட்டு. ஆதலின் மூட்டுக்களை எண்ணிப் புகழ்தல் போதாது; அவ்வீரன் திரையிற் செய்த தொழிலுக்கு ஏற்ற மூட்டு உண்டா என்பதே வினா.

ஈண்டு மெய்யும் வினையும் ஒன்றோடொன்று மலைகின்றன. மூட்டு மிகுந்தால் உடலில் வெட்டுக்கள் மிகும். மார்பின் தசைக்கோடு இடையில் அறுபடும். மூட்டைக் குறைத்தால் வடிவு அழகாகும், பாவை சிலையாகும். உயர்விலைப் பாவைகள் மூட்டை ஆடையால் மறைக்கின்றன; ஆயின் துணி உடலளவிற்கேற்ப மெலிவதில்லை ஆதலின், முழங்கையை மடக்கினால் அங்கே ஒரு பொதி திரள்கின்றது.

இதுபற்றி யாம் கற்ற பாடம் எம்மூர்ப் பூட்டுத் தொழிலிற் பிறந்தது. திண்டுக்கற் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது அன்பர்கள் அறிந்ததே. எம் பெரிய தந்தையார் நெடுங்காலம் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். யாம் வைத்திருந்த பழைய பாவையொன்றின் முழங்காலைக் காட்டினோம். அவர் முகத்தையோ நிறத்தையோ நோக்கவில்லை. மூட்டை இருமுறை மடக்கி நீட்டி, 'தம்பி, ரிவெட்டு வெளியே தெரிகிறது. வேலை தெரிந்தவன் இதை மறைத்திருப்பான்' என்றார். அவ்வாறு வெளித்தெரியும் ஊசியை உள்ளடக்கி மூட்டமைக்கும் முறை அண்மை ஆண்டுகளிற்றான் மார்வெல் லெஜண்ட்ஸ் முதலிய வரிசைகளில் வந்தது என்பதை அவர் அறியார். 'பூட்டுக்கு அழகு மினுக்கன்று. வேறு சாவிக்கு இணங்காமை' என்றும் கூறினார். தொழிலையே முதற்கண் நோக்கும் கண் அவர்க்கு வாய்த்திருந்தது.

வினையில் நேரும் வியப்பான பிழை ஒன்றையும் கூறுவோம். பாவையின் அச்சு, படம் முடிவதற்குப் பல திங்கள் முன்னரே வெட்டப்படுதல் வேண்டும். ஆதலின் படக்கம்பெனியார் முன்கூட்டிக் காட்டும் வரைவுகளை நம்பியே பாவை செய்கின்றனர். 2018-இல் வந்த அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார் திரைப்படத்தில், ஹல்க்பஸ்டர் என்னும் பேரிரும்புக் கவசத்தைப் பிளந்துகொண்டு ஹல்க் வெளிப்படும் காட்சி முதலில் எண்ணப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. ஃபங்கோ கம்பெனியாரின் பாவையோ அக்காட்சியைக் காட்டியே கடைக்கு வந்தது. வடிவு சரி, நிறமும் சரி. ஆனால் அச்செயல் திரையில் நிகழவேயில்லை.

பயன்

எஞ்சியது பயன். இதனை யாம் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. வகைக்கு 25 ஆக மொத்தம் 100 மதிப்பெண் வகுத்து, எம்மிடமிருந்த ஸ்பைடர்மேன் பாவைக்கு மெய்யில் 21, உருவில் 19, வினையில் 22 இட்டோம். பயன் என்னும் இடத்தை வெறுமையாக விட்டோம். அப்பாவையின் விலை 2,800 ரூபாய். இரண்டு திங்கள் காலைச் சிற்றுண்டியைக் குறைத்துச் சேர்த்த பணம் அது. எம் அன்னையார் அதனை இன்றும் அறியார். இவ்விதழ் அவர் கைக்குச் செல்லும்போது அறிவார்.

விடுமுறையில் வீடு சென்றபோது, எம் சிறிய தந்தையாரின் ஏழு வயது மகன் ஆலயத் திருவிழாக் கடையொன்றில் 90 ரூபாய்க்கு வாங்கிய ஸ்பைடர்மேனைக் கொண்டு வந்தான். அதன் நிலையை என்னென்போம்! ஸ்பைடர்மேனின் தலை, தோளிலே பேட்மேனின் கறுப்பு மேலாடை, மூட்டு நான்கே. எம் கணக்கில் மெய் 4, உரு 6, வினை 5. யாம் நகைத்தோம். அவனோ அதன் இடையிற் சணற்கயிற்றைக் கட்டி, முற்றத்து வேப்பங்கிளையில் மாட்டி, இங்குமங்கும் வீசி ஆட்டி, கீழே மேய்ந்த கோழிக்குஞ்சுகளைப் பருந்தினின்றும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். பின்னர் எம் அலமாரிக் கண்ணாடியை நோக்கி, 'அண்ணா, உங்கள் ஸ்பைடர்மேன் என்ன வேலை செய்கிறார்?' என்றான்.

விடை கூற எமக்கு வாய் எழவில்லை. வினைக்கு 22 இட்டிருந்தோம். அப்பாவை எம்மிடம் வந்த நாள்முதல் ஒரு வினையும் செய்ததில்லை. எளியாரைக் காக்க எழுபவன் என்பதே அவ்வீரனைப் பற்றித் திரை நம் உள்ளத்தில் விளைக்கும் எண்ணம். அவ்விளைவை அப்படியே விளைத்தது எந்தப் பாவை? பயன் என்னும் வகையில் சிறுவன் பாவைக்கு 25-உம் இடுதலே நேர்மை. எம் பாவைக்கு 5 இட்டோம், அதுவும் இரக்கத்தால்.

ஆயினும் போலிப் பாவையை யாம் புகழ்கின்றோம் என்று எவரும் கொள்ளற்க. மாலையிற் சிறுவன் உள்ளங்கை சிவந்திருந்தது. பாவையின் சாயம் வியர்வையிற் கரைந்து ஒட்டியிருந்தது. மலிவான சாயங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கு செய்வது. இதனை எண்ணியே, 14 வயதிற்குட்பட்ட சிறாரின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ. எஸ். ஐ. முத்திரை வேண்டும் என்னும் ஆணை நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முத்திரையைப் பார்த்து வாங்குதல் பெற்றோர் கடமை. அயல்நாட்டுப் பொம்மைகளின் சுங்கவரி 2020-இல் நூற்றுக்கு 20-இலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. நல்ல பாவை எட்டாவிலையதாகப் போலி கைக்கெட்டுதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலும் பாவையும்

தொகுப்பார்க்கு ஒரு குறிப்புக் கூறி முடிப்போம். குளிர்நாட்டார் கூறும் பாதுகாப்பு முறைகள் எம் சமவெளிக்குப் போதா. சித்திரை, வைகாசித் திங்களில் ஓட்டுக்கூரையின்கீழ் நிற்கும் பாவை, கணுக்கால் இளகி மெல்லச் சாயும். பிடித்த வாள் நாணலென வளையும். வளைந்த உறுப்பை வெந்நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, நேராக்கி, உடனே தண்ணீரில் இட்டால் நிமிர்ந்து நிற்கும். நாட்பட்ட பாவையின் மேனி பிசுபிசுத்தல் பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலந்த எண்ணெய்ப்பொருள் வெளிக்கசிதலால் ஆவது. இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரிற் கழுவிக் காற்றாட வைத்தல் வேண்டும். கருநிறப் பாவை வெண்ணிறப் பாவையைத் தொட்டு நிற்பின் கறை ஏறும். சாளர வெயில் படின் வெண்மை மஞ்சளாகும். உரு என்னும் வகையில் யாம் இட்ட மதிப்பெண்ணை எம்மூர் ஞாயிறு ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே இருக்கின்றான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திரையொப்புமை என்பது ஒன்றன்று, நான்கு என்பதும், அந்நான்கும் ஒரு பாவையில் முற்றப் பொருந்தல் அரிது என்பதும், எந்த வீரனுக்கு எது முதன்மை என்பதை அவன் கதையே காட்டும் என்பதும் பெறப்படும். வழக்காடும் நண்பர்கள், 'எவ்வகையில் ஒத்தது?' என்று முதலில் வினவிக்கொள்வாராயின், விடுதி விளக்குகள் சற்று முன்னதாகவே அணையும்.

சிறுவனுடைய பாவையை யாம் வாங்கிக்கொண்டு, எமதை அவனுக்குக் கொடுத்தோம். உடனே கொடுத்தோம் எனின் பொய்யாகும்; இரண்டு நாள் தயங்கியே கொடுத்தோம். அடுத்த விடுமுறையிற் சென்று நோக்கியபோது அதன் மூக்கு தேய்ந்திருந்தது. ஒரு கையிற் கயிற்றின் தழும்பு. மெய்யில் 21 இருந்தது 15 ஆயிற்று, உருவும் குறைந்தது. பயன் மட்டும் நிறைந்தது. மொத்தத்திற் பாவை முன்னையினும் உயர்ந்தே நிற்கின்றது. கண்ணாடிக்குள் இன்று இருப்பது கறுப்பு மேலாடை அணிந்த 90 ரூபாய் ஸ்பைடர்மேன். எம் பழைய தீர்ப்பை நினைவூட்டுதற்கு அதுவே தகும்.

மனிதன் இறைவனுடைய சாயலாகப் படைக்கப்பட்டான் என ஆதியாகமம் கூறும். அச்சாயல் எவ்வகையது என்று பெரியோர் பலபடியாக விரித்துரைத்திருக்கின்றனர். அவ்வாராய்ச்சி எம் சிற்றறிவுக்கு எட்டுவதன்று. எனினும் உவமவியல் பயின்ற மாணவராய் ஒன்று மட்டும் கூறத் துணிகின்றோம். அச்சாயலைத் தேடுவார் முகத்தின் வடிவிலும் மேனியின் நிறத்திலும் தேடற்க. வினையிலும் பயனிலும் தேடுக.